அக்கரை மாப்பிள்ளை படத்தின் முடிவு

கறம்பக்குடி
3-2-1957

மச்சான் அவர்களுக்கு, ஜெய்னபின் சலாம்.

முதல் பக்கம் மாமி சொல்லச் சொல்ல எழுதியது. முழங்கால் வலி, கிணற்றில் தண்ணீர் கீழே போனது, ஓடு மாற்ற ஆள் கிடைக்காதது எல்லாம் அதில் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது என்னுடையது. உங்கள் உம்மா குர்ஆன் ஓதுவார்கள், அரபு எழுத்தில் உள்ள தமிழ்க் கிதாபு வாசிப்பார்கள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. எட்டாவது வரை படித்த மருமகள் வாய்த்தாள் என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் உங்களுக்கு நான் சினிமா எழுதுகிறேன். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை நானும் அடுத்த வீட்டு சாராவும் முதல் ஆட்டம் ‘வாள்முனை வாலிபன்’ பார்த்துவிட்டோம். சாரா வீட்டில் மவ்லிது ஓதுகிறார்கள் என்று மாமியிடம் சொன்னேன். ஆண்டவன் மன்னிக்கட்டும். உங்கள் மீசைக்காரர் பத்துப் பேரை அடித்துப் போடுகிறார், தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை. அவ்வளவு எண்ணெயா தடவுவார்கள்? ராணியாக வருகிறவள் அழும்போது மூக்கு சிவக்கவே இல்லை. அழத் தெரியாதவளுக்கு எதற்கு இத்தனை சோகப் பாட்டு? கோமாளி மட்டும் நன்றாகச் செய்தார்.

இன்னொன்று கேட்க வேண்டும். புதுக்கோட்டையில் ஓடி, அறந்தாங்கியில் ஓடி, எங்கள் கொட்டகைக்கு வரும்போது படம் பாதி தேய்ந்துவிடுகிறது. மீசைக்காரர் கப்பலில் இருந்து கடலில் குதிக்கிறார். அடுத்த நிமிடம் மாலையும் கழுத்துமாக மணவறையில் நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது? பினாங்கில் முழுப்படமும் வந்திருக்குமே, எழுதுங்கள்.

போன வருஷம் ஜைனுதீன் பெண்டாட்டி கொட்டகை வாசலில் நின்றாள் என்று யாரோ சொன்னதற்கு, அவளை ஆலங்குடிக்குத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இன்னும் கூப்பிட ஆள் போகவில்லை. மாமி அந்தப் பேச்சை எடுக்கும்போது என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு உம்மாவும் இல்லை, மடியில் பிள்ளையும் இல்லை. இந்த வீட்டை விட்டு அனுப்பினால் அண்ணன் வீட்டில் மதினி சோறு போடும் முகத்தைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். அதனால் கடிதத்தைப் பத்திரமாக எழுதுங்கள். மாமிக்கு உள்ளது மேலே, எனக்குள்ளது கீழே.

ஜெய்னப்


பினாங்
24-2-1957

ஜெய்னபுக்கு,

உன் விமர்சனம் கிடைத்தது. மீசைக்காரர் முடியைக் குறை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாயா? அவர் குதிரையில் ஏறும் அழகு ஒன்று போதும். நீ பார்த்தது தேய்ந்த படம், நான் பார்த்தது புதுப்படம். ஆகையால் என் தீர்ப்பே தீர்ப்பு.

கடலில் குதித்தவர் சுறாமீனோடு சண்டை போட்டு ஒரு தீவில் கரையேறுகிறார். அங்கே ராஜா மகள் அவருக்கு வைத்தியம் பார்க்கிறாள். ஊரில் காத்திருக்கும் ராணியை மறக்கவில்லை, ஆனால் உயிர் கொடுத்தவளை விட்டு வரவும் முடியவில்லை. இந்த இடத்தில் மீசைக்காரர் நடிப்பு பிரமாதம். இதையெல்லாம் வெட்டிவிட்டால் அவர் பேரில் உனக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்த ராஜா மகள் புடவையை நீ பார்த்திருக்க வேண்டும். நாலு விரல் ஜரிகை, ரவிக்கைக்கும் அதே கரை. இங்கே எல்லோரும் அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள்.

இங்கே கொட்டகை இல்லை, தியேட்டர். மேலே விசிறி சுற்றும். ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான் உட்காருவார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. போன வாரம் ‘அக்கரை மாப்பிள்ளை’ பார்த்தேன். சுருட்டைமுடிக்காரர் நடித்தது. கப்பலேறிப் போன ஒருவன் அங்கேயும் ஒரு கல்யாணம் செய்துகொள்கிறான். ஊரில் தாயும் பெண்டாட்டியும் காத்திருக்கிறார்கள். நல்ல கட்டத்தில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது, கடைசி மூன்று ரீல் பார்க்காமலே எழுந்து வரவேண்டியதாயிற்று. மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் கொட்டகைக்கு வந்தால் பார்த்து, அவன் கதி என்ன ஆகிறது என்று எழுது.

உம்மா விஷயத்தில் ஜாக்கிரதை. நான் எதற்கும் பதில் சொல்ல முடியாத தூரத்தில் இருக்கிறேன்.

ஹாஜா முகைதீன்


கறம்பக்குடி
19-3-1957

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது மாமி நாலு தாளையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள். “இம்புட்டுப் பெரிய கடுதாசிக்கு இம்புட்டுத்தானா வாசிச்சே?” என்றார்கள். “உங்க புள்ள எழுத்து கோழி கிளறின மாதிரி பெருசு பெருசா இருக்கு மாமி” என்றேன். சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் தந்துவிட்டு வெற்றிலை இடிக்கப் போய்விட்டார்கள்.

நாலு விரல் ஜரிகை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இங்கே இருந்த நாலு மாதத்தில் நான் என்ன கலர் சேலை கட்டியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. நிக்காஹ் சேலையையே பச்சை என்று சொன்னீர்கள், அது ஊதா. பினாங்கு போய்க் கண் தெளிந்துவிட்டது போலிருக்கிறது.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் சினிமா விஷயம் ஆனபடியால் கேட்கிறேன். அழுத குழந்தை யாருடையது? யாரோ வீட்டுக் குழந்தை அழுதால் அதன் தாய் எழுந்து போவாள். டிக்கெட் வாங்கிய நீங்கள் ஏன் எழுந்து வர வேண்டும்?

‘அக்கரை மாப்பிள்ளை’ பெருநாளுக்குப் பிறகு வருகிறது என்று மாட்டுவண்டியில் தட்டி கட்டிக்கொண்டு தமுக்கடித்துப் போகிறார்கள். தட்டியில் சுருட்டைமுடிக்காரர் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்கிறார். ஒருத்தி அழுகிறாள். அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நோன்பு வரப்போகிறது, அதுவரை சினிமாப் பேச்சு வேண்டாம்.

ஜெய்னப்


பினாங்
8-4-1957

ஜெய்னப்,

கடையில் நிற்க நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். அது முதலாளி ஷேக் பரீது வீட்டுக் குழந்தை. அவர்கள் குடும்பத்தோடு போனார்கள், நானும் போனேன். முதலாளி வீட்டுக் குழந்தை அழுதால் வேலைக்காரன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க முடியுமா? இதற்கெல்லாம் கேள்வி கேட்டால் இனி நான் என்ன படம் பார்த்தேன் என்று எழுதவே யோசிக்க வேண்டும். படத்தைப் படமாகப் பார்க்க வேண்டும். நீ படத்தைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்கிறாய்.

‘அக்கரை மாப்பிள்ளை’க்குப் போகாதே. விசாரித்தேன், படம் நன்றாக இல்லையாம். பெண்கள் பார்க்கிற மாதிரி இல்லை. உம்மாவுக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. முடிவு எனக்குத் தேவையில்லை, நான் கேட்டதை மறந்துவிடு.

உனக்குப் பெருநாளைக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன். ஊதா.

ஹாஜா


கறம்பக்குடி
27-5-1957

மச்சான்,

உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போனேன்.

உங்களுக்கு எங்கள் கொட்டகையின் பெண்கள் பக்கம் தெரியாது, சொல்கிறேன். மண் தரை. நாங்கள் எல்லோரும் வெள்ளைத் துப்பட்டிதான். ஒரே மெஷின் ஆனதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். விளக்கு வந்ததும் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொள்வோம், அணைந்ததும் தளர்த்திவிட்டுப் படம் பார்ப்போம். பழகிவிட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் எங்களுக்குத் தைரியம். அந்தத் தைரியமே என்னைக் கவிழ்த்துவிட்டது.

இரண்டாவது ரீல் முடிந்து விளக்கு வந்தபோது சாரா எழுந்தாள். தன் நாத்தனார் வந்திருக்கிறாளா என்று பார்த்து வருகிறேன் என்று போனாள். விளக்கு அணைந்ததும் ஒரு துப்பட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. சாராதான் என்று நினைத்தேன். கடலையை நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது. நான் படம் பார்த்தால் வாய் சும்மா இருக்காது என்று சாராவுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். விளக்கு வந்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு, அணைந்ததும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

என்னென்ன சொன்னேன்! இந்தச் சுருட்டைமுடிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி கேடா, ஒருத்தியிடமே பேசத் தெரியவில்லை என்றேன். தாயாக வருகிறவள் எங்கள் மாமி மாதிரியே முறைக்கிறாள், வெற்றிலை இடிக்கும் சத்தத்திலேயே மனுஷியை நடுங்க வைப்பார்கள் என்றேன். மவ்லிது என்று பொய் சொல்லி வந்ததைச் சொல்லிச் சிரித்தேன். பிறகு அந்தப் பெண் வாசலில் நின்று கடலையே பார்க்கிற கட்டம் வந்தது. அப்போது உங்களைப் பற்றி ஒன்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த கை என் முழங்கையைப் பிடித்தது. அழுத்திப் பிடித்தது. விடவே இல்லை.

படம் முடிந்து விளக்கு வந்தது. முகத்தை மூடிக்கொண்டேன். நாலு வரிசைக்கு முன்னாலிருந்து சாரா கையை ஆட்டி, “ஏ ஜெய்னப், இங்கிட்டு வா” என்று கூப்பிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் இருந்தவள் எழுந்து போய்விட்டாள். வாசலில் எத்தனையோ வெள்ளைத் துப்பட்டிகள். எதைப் பிடித்து இழுத்து முகத்தைப் பார்ப்பேன்? நான் யார் என்று அவளுக்குத் தெரியும். என் பெயரையும் சாரா கூவிக் கொடுத்துவிட்டாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் கலையும்வரை வாசலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் மாமி முசல்லாப் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள். “மவ்லிது முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார்கள். அந்த மட்டில் அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் எத்தனை நாளைக்கு? அவள் ஒரு வாய் திறந்தால் போதும்.

படத்தின் முடிவை எழுத மாட்டேன்.

ஜெய்னப்


பினாங்
15-6-1957

ஜெய்னப்,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். படித்துவிட்டு வாடிக்கைக்காரருக்கு மல் துணிக்குப் பதில் வாயில் துணியைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

என்னைப் பற்றி என்ன சொன்னாய்? சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. யாரிடம் சொன்னாய் என்று கண்டுபிடி. சாராவின் நாத்தனாரா? ஜைனுதீன் வீட்டு ஆளா? ஊரில் ஒரு காதுக்குப் போனால் அடுத்த கப்பலில் அது இங்கே வந்து இறங்கும். என் பெயர், முதலாளி பெயர், எல்லாம் கெடும். உம்மா ஏதாவது கேட்டார்களா? உம்மா முகம் எப்படி இருக்கிறது? கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்.

நீ சொன்னது எதுவானாலும் அது சினிமா பார்த்த மயக்கத்தில் சொன்னது. அவ்வளவுதான்.

படம் எப்படித்தான் முடிகிறது? அதையாவது எழுதித் தொலை.

ஹாஜா


கறம்பக்குடி
10-7-1957

மச்சான்,

மாமி முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். அதுதான் என் பயமே.

முன்னெல்லாம் வாசலைத் தாண்டினால் எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று மூன்று கேள்வி. இப்போது “போய்ட்டு வா” என்கிறார்கள். வைவதில்லை. குழம்பில் மீன் தலை எப்போதும் அவர்களுக்குத்தான். போன வாரம் அதை எடுத்து என் தட்டில் வைத்தார்கள். ஜைனுதீன் வீட்டிலும் அவளை அனுப்புவதற்கு முந்தின நாள் கோழி அடித்துப் போட்டார்களாம், சாரா சொன்னாள். அன்றைக்கே டிரங்குப் பெட்டியை இறக்கித் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை. எழுதினால் மதினிதான் முதலில் படிப்பாள்.

தெருவில் ஒவ்வொரு துப்பட்டியையும் பார்க்கிறேன். தண்ணீர் எடுக்க வருகிறவர்களின் கையைப் பார்க்கிறேன். என் முழங்கையைப் பிடித்த கை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது, அது மட்டும்தான் தெரியும். இந்த ஊரில் யார் கைதான் மெத்தென்று இருக்கிறது? பிரகதாம்பாள் மோர் ஊற்ற வரும்போதுகூட அவள் கையைப் பார்த்துப் பயந்தேன். அவள் துப்பட்டியே போடாதவள். அந்த மட்டுக்குப் புத்தி பேதலித்துப் போயிருக்கிறேன்.

வார்த்தையை அப்படியே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். “எம் மச்சானுக்கும் அங்க ஒருத்தி இருக்காடி. புள்ளையும் இருக்கு. எனக்குத் தெரியும். கேக்கத்தான் பயமா இருக்கு.” இதுதான் சொன்னேன்.

நீங்கள் எழுதிய சினிமாக் கடிதங்களை எல்லாம் திரும்பப் படித்துப் பார்த்தேன். முன்னே சண்டையும் கோமாளியும் எழுதுவீர்கள். இரண்டு வருஷமாகப் புடவையும் நகையும் எழுதுகிறீர்கள். எந்தப் படத்துக்கும் முடிவு எழுதுவதில்லை. கைக்குழந்தைக்காரர்கள்தான் முடிவு பார்க்காமல் வருவார்கள் என்று கொட்டகைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

இப்போது கேட்கிறேன். உண்மையா, இல்லையா?

ஜெய்னப்


கறம்பக்குடி
2-9-1957

மகன் ஹாஜா முகைதீனுக்கு, உன் உம்மா ஜொஹரா பீவி சொல்லி, உன் பெண்டாட்டி ஜெய்னப் எழுதுவது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று மாமி உத்தரவு. சாராவைப் பக்கத்தில் உட்கார வைத்து வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள். ஆகையால் இனி உள்ளது அவர்கள் வாய்மொழி.

ரெண்டு மாசமா ஒங்கிட்டேருந்து கடுதாசி இல்ல. ஏன் இல்லன்னு எனக்குத் தெரியும். முழங்கால் வலி, கிணத்துத் தண்ணி எல்லாம் இன்னைக்கு வேணாம். இன்னைக்கு சினிமா பேசப் போறேன்.

ஏ புள்ள, என்ன பேனாவ நிறுத்திட்டே? எழுது. பேனாவ நிறுத்தினதையும் எழுது.

மருமவ கொட்டாய்ல போயி உக்காந்திருக்கான்னு ஒருத்தி வந்து எங்காதுல ஓதுனா. அவ பேரு ஒனக்கு வேணாம். கையும் களவுமாப் பிடிச்சு, அங்கேயே நாலு சாத்து சாத்தி இழுத்துட்டு வாரேன்னுதான் துப்பட்டியப் போட்டுக்கிட்டுப் போனேன். என் வயசுக்கு முத டிக்கெட்டு. இருட்டுல எங்கிட்டுத் தேடுறது? தேடவே வேணாம். படம் ஓடையிலயும் வாய் ஓயாத ஒரே ஆளு ஒம் பொண்டாட்டிதான். சத்தத்தப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பக்கத்துல உக்காந்தேன். கடலையக் குடுத்தா. வாங்கித் தின்னேன்.

என்னைய என்னென்ன சொன்னாங்கிறத நான் இப்பச் சொல்லல. வெத்தல இடிக்கிறதுக்கெல்லாம் பயப்படுவாங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். பிடிச்சு இழுக்கலாம்னு கையத் தூக்குறேன், அப்ப அவ ஒன்னையச் சொன்னா. அங்க ஒருத்தி இருக்கா, புள்ள இருக்கு, கேக்கப் பயமா இருக்குன்னா. தூக்குன கை அவ முழங்கையில போயி விழுந்துருச்சு. எடுக்க முடியல.

கேளு ஹாஜா. ஒன் வாப்பா ரெங்கூன்ல பதினெட்டு வருசம் இருந்தாங்க. அங்கிட்டு ஒரு குடும்பம் இருந்துச்சு. ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாளு நான் கேட்டதில்ல. கேட்டா உண்மையாயிரும்னு பயம். அவங்க மவுத்தாயி, கண்ண மூடிக் கிடந்தப்பக்கூட காதுல கேக்கலாமான்னு நெனச்சேன், கேக்கல. நான் காலமெல்லாம் வாய்க்குள்ளயே வச்சு முழுங்குனத இந்தப் புள்ள கடலையத் தின்னுகிட்டே சொல்லிருச்சு.

நான் வாயத் திறக்காம இருந்தனால இவ பயந்து பெட்டியக் கட்டி வச்சிருக்கா. பெட்டிய நான் பாத்துட்டேன். இவளுக்கு எம்மேல பயம். எனக்கு இவமேல பயம். நான் ஒண்ணு கேட்டு, இவ பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா, இந்த வீட்டுல நான் யாருகூட இருக்கிறது? மீன் தலையக் குடுத்தாலும் அழுவுறா. நான் என்ன செய்ய?

படத்தப் பத்திச் சொல்றேன். நீ முடிவு கேட்டியாமே, எல்லாத்தையும் சாரா சொல்லிட்டா. அந்தத் தாய்க்காரிக்கு மொதல்லயே விசயம் தெரியும், அழுதுகிட்டே மூடி மறைக்கிறா. கடைசில அந்த ரெண்டாமத்தவ புள்ளையோட கப்பல்ல வந்து எறங்குறா. மூத்தவ ஆத்துல விழுந்து செத்துப் போறா. தாய்க்காரி கண்ணத் தொடச்சுட்டு ரெண்டு பேரையும் சேத்து வச்சு ஆசீர்வாதம் பண்றா. சனமெல்லாம் அழுவுது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. படம் எடுத்தவனுக்குப் புத்தி இருக்கா? அழுவுற வேலையா தாய்க்காரிக்கு? ஒருத்திக்கு எடம் வேணும்னா இன்னொருத்தி ஏன் சாகணும்? ஒரு கேள்வி கேட்டிருந்தா படம் பாதியில முடிஞ்சிருக்கும். அவ கேக்கல. நானும் ஒன் வாப்பாவ கேக்கல.

ஒன்னைய கேக்குறேன். அங்க ஆளு இருக்கா, இல்லையா? புள்ள இருக்கா, இல்லையா? முதலாளி வீட்டுப் புள்ளன்னு எங்கிட்டக் கதை விடாதே. பதில எனக்குன்னு ஒரு பக்கம், அவளுக்குன்னு ஒரு பக்கம்னு எழுதாதே. ஒரே பக்கமா எழுது. இவ எனக்கு வாசிப்பா.

இந்த வீடு நிக்காஹ்ல எம் மஹரா ஒன் வாப்பா எழுதிக் குடுத்தது. இதுல யாரு இருக்கணும், யாரு போகணும்னு சொல்ற வாய் என்னோடது. பெட்டிய இன்னைக்கு நானே பரண்ல ஏத்திட்டேன். இனிமே அத எறக்க எனக்குத்தான் எட்டும்.

உம்மா.

மச்சான், மாமி சொன்னது இத்துடன் முடிந்தது. இது நான். இத்தனை நாள் யாரோ என்று பயந்தேன், பக்கத்திலேயே இருந்தார்கள். இப்போது பதிலுக்குப் பயப்படுகிறேன். இருந்தாலும் அனுப்புங்கள்.

ஜெய்னப்


பினாங்
25-9-1957

உம்மாவுக்கும் ஜெய்னபுக்கும்,

ஒரே பக்கமாக எழுதுகிறேன். ஐந்து தாள் எழுதிக் கிழித்துவிட்டேன்.

இருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். முதலாளிக்கு உறவு. வந்த முதல் வருஷம் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது அவர்கள் வீட்டில்தான் கிடந்தேன். பிறகு நிக்காஹ் ஆகிவிட்டது. ஜெய்னபுக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். பயம். படத்தைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது. அதை எழுதினால் வீட்டுக்கு எழுதிவிட்டது போல ஒரு ஆறுதல். அவளும் என்னோடு படம் பார்ப்பாள். புடவை பற்றி எழுதியது எல்லாம் அவள் சொன்னதுதான். ஜெய்னப் கண்டுபிடித்ததில் ஒன்றும் தப்பில்லை.

குழந்தைக்கு இரண்டு வயது. பெண். ஜொஹரா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நவம்பர் கப்பலில் நாகப்பட்டினம் வருகிறேன். தனியாக வருவதா, அவர்களையும் கூட்டி வருவதா என்று உம்மா சொல்ல வேண்டும். ஜெய்னப், இதை உம்மாவுக்கு வாசிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தும் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வாசித்துக் காட்டு.

ஹாஜா


கறம்பக்குடி
20-10-1957

மச்சான்,

ஓர் எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன். நான் வாசித்ததிலேயே நீளமான கடிதம் அதுதான், ஒரு பக்கம்தான் இருந்தது.

குழந்தையின் பெயர் வந்த இடத்தில் மாமி கையைக் காட்டி நிறுத்தினார்கள். “இன்னொருக்க வாசி” என்றார்கள். வாசித்தேன். எழுந்து கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்கள். வந்து உட்கார்ந்து, “எம் பேர வச்சா எம் மனசு எளகிரும்னு நெனச்சிருக்கான். எளகத்தான் செய்யுது, நான் என்ன பண்ண. ஆனா ஒம் மனசு ஒன்னோடது” என்றார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். நான் அழுததில் உங்கள் மேல் கோபம்தான் அதிகம்.

கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாமி அதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள். நான் சொல்லித் தர மாட்டேன், நீயே எழுது என்று சொல்லிவிட்டு அந்தக் கோடி அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நீங்கள் தனியாக வந்தாலும் குடும்பத்தோடு வந்தாலும் வாசற்கதவைத் திறப்பதும் திறக்காததும் என் இஷ்டமாம். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார்களாம்.

அந்தப் படத்தில் வருகிறவள் போல ஆற்றில் விழுவேன் என்று எண்ண வேண்டாம். நம் அக்னியாற்றில் இப்போதுதான் முழங்கால் தண்ணீர் வந்திருக்கிறது. செத்துப் போய் உங்களுக்கு வழிவிடும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் வந்து கதவைத் தட்டும்போது திறப்பேனா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஒரு நாள் திறப்பேன் என்று தோன்றுகிறது, மறுநாள் தோன்றவில்லை.

நாலு வருஷமாக நான் பயந்துகொண்டே இந்த வீட்டில் இருந்தேன். இனி நீங்கள் பயந்துகொண்டே வாருங்கள்.

ஜெய்னப்